கம்பிக்குக் கீழே யார் நிற்பது?

கலை,

சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிக்க வெட்கமாக இருக்கிறது. புதன்கிழமை சாயங்காலம்தான் உன்னைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தாய். தண்டையார்பேட்டைக்கும் எர்ணாவூருக்கும் நடுவில் அப்படியென்ன பெரிய தூரம்? ஒரு பஸ். லாரி வரிசையில் மாட்டிக்கொண்டால் கூட ஒரு மணி நேரம். இதற்குப் போய்க் கடிதமா என்று சிரிப்பாய். சிரி. வாயால் சொல்லத்தான் அன்றைக்கு உன் பயிற்சி ஹாலுக்கு வந்தேன். சொல்ல முடியாமல் திரும்பி வந்து, இரண்டு நாள் உன் அம்மாவிடம் எரிந்து விழுந்து, மூன்றாம் நாள், இந்தச் சனிக்கிழமைக் காலையில், பேனாவை எடுத்திருக்கிறேன். சாயங்காலத்துக்குள் அம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். எழுதும்போது தோள் வலிப்பதில்லை. தூக்கினால்தான் வலிக்கும். அந்தத் தோளைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க, அதனால் பொறுமையாகப் படி. பாதியில் கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு, மறுபடி எடுத்துப் படி. படித்து முடித்ததும் உன் ஹாலுக்கு வருகிற அப்பா அம்மாக்களுக்கும் காட்டு. கதவில் ஒட்டினாலும் எனக்குச் சம்மதம்தான்.

போன வாரம் நீ வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட கையைக் கழுவாமலேயே என்னிடம் கேட்டாயே, அது காதிலேயே இருக்கிறது. "நைனா, ஞாயித்துக்கெழம ஜிம்னாஸ்டிக்ஸ் கிளாஸு ஆரம்பிக்கிறேன். இருபது புள்ளைங்க. நீ வந்து கம்பிக்குக் கீழ நின்னா போதும். என் கை முழுசா நீள மாட்டேங்குது, மேல வர்ற புள்ளைய என்னால ஒரு பக்கம் ஏந்த முடியல. உன் கை இருந்தா எனக்குத் தைரியம்." சொல்லிவிட்டு உன் வலது முழங்கையைக் காட்டிச் சிரித்தாய். நீட்டச் சொன்னால் இன்றைக்கும் கொஞ்சம் மடங்கியே நிற்கிற அந்தக் கையைத்தான் காட்டினாய். நானும் "வர்றேன் கண்ணு, வராம எங்க போவேன்" என்றேன். உன் அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். உனக்கு அது ஏன் என்று புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது.

புதன்கிழமை நான் வந்தபோது நீ என்னைக் கவனிக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றேன். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் போட்டிருந்த மரக்கட்டை மேல், கிளாஸ் ஆரம்பிக்குமுன் பழக்கிப் பார்க்க நீ கூப்பிட்டிருந்த பிள்ளைகளில் பச்சை ரிப்பன் கட்டிய குட்டி ஒன்று நடந்துகொண்டிருந்தது. கால் தவறி மெத்தையில் விழுந்தது. பெரிய அடியெல்லாம் இல்லை. நீ ஓடிப் போய்த் தூக்கினாய், முட்டியைத் தடவினாய், எல்லாம் ஒழுங்காகச் செய்தாய். பிறகு சொன்னாய்: "பயந்துட்ட, அதான் வுழுந்த. பயப்படாம நடந்தா வுழ மாட்ட." அந்தக் குழந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு "சரி மிஸ்" என்றது. கலை, அது உன் வார்த்தை இல்லை. நான் உனக்குச் சொன்ன வார்த்தை. அதே இழுப்பு, அதே "அதான்". திரும்பவும் செருப்பை மாட்டிக்கொண்டு டீ கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

பட்ட காலிலே படும் என்பார்கள், வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாப்பில் ஜமீலாவைப் பார்த்தேன். ஞாபகம் இருக்கிறதா, வண்ணாரப்பேட்டை துணிக் கடைக்காரர் பெண். ராயபுரத்தில் நான் எடுத்த நம் பழைய கிளாஸில் உனக்கு நாலு வயது இளையவள். வாய் ஓயாமல் பேசுவாள். இப்போது ஒரு ரத்தப் பரிசோதனைக் கடையில் வேலை செய்கிறாளாம். அவளாகவே வந்து, "சார், என்னத் தெரியுதா?" என்றாள். தெரியாமலா? தலையைத் தரைக்குள் புதைத்துக்கொள்ளலாமா என்று இருந்தது. "என் தங்கச்சி வூட்ல ஓயாம குட்டிக்கர்ணம் போட்டுகினே கீறா சார். கலை அக்கா கிளாஸு ஆரம்பிக்கிறாங்களாமே, சேத்துவுடலாம்னு அம்மா சொல்றாங்க" என்றாள். நல்லது, சேர்த்துவிடு என்றேன். பிறகு மெதுவாக, "ஒண்ணு மட்டும் கேக்கட்டா சார்? அங்க கம்பிக்குக் கீழ யாரு நிக்கிறாங்க?" என்றாள். கோபமே இல்லாமல் கேட்டாள். பஸ் வந்தது, நான் போக வேண்டிய பஸ் கூட இல்லை, ஏறிவிட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், வயசானவன் நேரே வரமாட்டான். நான் துறைமுகத்துக் கண்டெய்னர் யார்டில் சிக்னல் காட்டுகிற வேலை பார்த்தது உனக்குத் தெரியும். கிரேனுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஆளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று முழுசாகத் தெரியாது. கீழே நிற்கிறவன் கையைப் பார்த்துத்தான் பெட்டியைத் தூக்குவார், இறக்குவார். அங்கே ஒரு சட்டம். 'தூக்கு' என்று காட்ட ஒரே ஒருத்தனுக்குத்தான் அதிகாரம், சிக்னல்காரனுக்கு. ஆனால் 'நிறுத்து' என்று யார் வேண்டுமானாலும் காட்டலாம். லாரி டிரைவர், டீ கொண்டு வருகிறவர், யாராக இருந்தாலும் சரி. இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினால் கிரேன் நின்றே ஆகவேண்டும். ஏன் எதற்கு என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

ஒருமுறை யார்டு கூட்ட வருகிற அம்மா ஒருத்தி துடைப்பத்தைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். "நிறுத்துங்கய்யா, நடுவுல ஆளு கீறான்!" எங்கள் கிரேன் ஓட்டுகிற அல்போன்ஸ் அண்ணன் அந்தரத்திலேயே பெட்டியை நிறுத்தினார். ஓடிப் போய்ப் பார்த்தால் ஆள் இல்லை, மஞ்சள் பிளாஸ்டிக் பக்கெட். ஹெல்மெட் மாதிரி தெரிந்திருக்கிறது. கப்பலில் வேலை நிற்கிறது, மேலதிகாரி கத்துகிறார், லாரிக்காரர்கள் ஆரன் அடிக்கிறார்கள், அந்த அம்மாவுக்கு முகம் செத்துப் போய்விட்டது. அல்போன்ஸ் அண்ணன் அவ்வளவு உயரத்திலிருந்து ஏணியில் இறங்கி வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். நேரே போய் அந்த அம்மாவுக்கு டீ வாங்கிக் கையில் கொடுத்தார். "பக்கெட்டா இருந்தா இன்னா மாமு? இன்னிக்கு பக்கெட்டு, நாளைக்கு நம்மள்ல ஒருத்தன் மண்ட. இன்னிக்கு இத்தத் திட்டுனா, நாளைக்கு எவன் கைய விரிப்பான்?" என்று என்னிடம் சொன்னார். இந்தக் கதையை நீ சின்ன வயதில் என்னிடம் பத்து முறை கேட்டிருப்பாய். பெருமையாகச் சொல்வேன். சொல்லிவிட்டு, சாயங்காலம் உங்களுக்கெல்லாம் கிளாஸ் எடுக்க வருவேன். அங்கே 'நிறுத்து' சொல்ல ஒரே ஒருத்தனுக்குத்தான் அதிகாரம். எனக்கு.

ராயபுரத்தில் நம் கிளாஸ் நடந்த கோடவுனை நினைத்தால் இப்போதும் மிளகாய் வாசனைதான் வருகிறது. முன்பு மிளகாய் மூட்டை அடுக்கிய இடம். முதல் மாதம் பிள்ளைகள் பல்டி அடித்ததைவிடத் தும்மியதுதான் அதிகம். லாரி சீட்டு தைக்கிற கடையில் கழித்துப் போட்ட ஸ்பாஞ்சை வாங்கி வந்து, உன் அம்மா தார்ப்பாயில் உறை தைத்து, மெத்தை செய்தோம். நான் எல்லாவற்றிலும் மோசம் என்று இப்போது சொல்ல வரவில்லை. சிலது ஒழுங்காகச் செய்தேன், அவற்றை நீ விட்டுவிடாதே. இரண்டு மெத்தை சேருகிற இடத்தில் இடைவெளி இருக்கிறதா என்று தினமும் நானே காலால் தடவிப் பார்ப்பேன். குழந்தையின் கணுக்கால் அந்த விரற்கடை இடைவெளியில்தான் திரும்பும். கொலுசு, வளையல், பாவாடையில் குத்திய ஊக்கு, எல்லாம் வாசலிலேயே கழற்றி டப்பாவில் போடவேண்டும். தலைக்கு எண்ணெய் வழிய வழிய வைத்து அனுப்புகிற தாய்மார்களிடம் சண்டை போடுவேன், தலையைத் தடவிய கையோடு கம்பியைப் பிடித்தால் வழுக்குமா வழுக்காதா? கடற்காற்று அடிக்கிற நாளில் கம்பி தானாகவே வேர்த்துக் கிடக்கும். துடைத்து, கைக்குச் சுண்ணப் பொடி போட்ட பிறகுதான் ஏற்றுவேன். உன் ஹாலில் கம்பிக்குக் கீழே தரை கொஞ்சம் பள்ளமாக இருக்கிறது, அங்கே மழை நாளில் ஈரம் ஊறும். புதன்கிழமை பார்த்தேன். அதைச் சரிபண்ணு.

ஒழுங்காகச் செய்யாததையும் கேள். காலை அகட்டி உட்கார முடியாத பிள்ளைகளின் முதுகில் கையை வைத்து அழுத்தினேன். சிலர் மேல் உட்காரவும் செய்தேன். "வலிச்சாதான் வளையும்" என்று ஒரு வசனம் வேறு. அந்தக் காலத்தில் எனக்குச் சொல்லித்தந்தவரும் அப்படித்தான் என் முதுகில் உட்கார்ந்தார், அதனால் அதுதான் வித்தை என்று நினைத்தேன். பெற்றவர்களும் "இன்னும் கொஞ்சம் வளைங்க சார், டிவியில வர்ற புள்ளைங்க மாதிரி" என்பார்கள். அவர்கள் சொன்னார்கள் என்று நான் செய்யக்கூடாது. பள்ளிக்கூடம் விட்டு ஒரு வாய் கூடச் சாப்பிடாமல் வருகிற பிள்ளையைத் தலைகீழாக நிற்கவைத்திருக்கிறேன். இன்றைக்கு முடியவில்லை சார் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணை, சோம்பேறி என்று சொல்லியிருக்கிறேன். உன் அம்மாதான் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உனுக்கு இன்னா தெரியும்யா பொம்பளப் புள்ள கஷ்டம்? வேணாம்னு சொன்னா வுட்டுடு" என்றாள். அன்றைக்கு விட்டேன். அடுத்த மாதம் மறந்துவிட்டேன். ஒரு குழந்தையைத் தொட்டுத் தூக்குமுன், இங்கே பிடிக்கப்போகிறேன் என்று அதனிடம் சொல்லிவிட்டுப் பிடிக்கவேண்டும் என்பதுகூட பிறகு நீ பயிற்சியாளருக்குப் படித்துவிட்டு வந்து எனக்குச் சொன்னதுதான். கதவைத் திறந்தே வை, தாய்மார்கள் உட்கார்ந்து பார்க்கட்டும். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாததற்கு வருகிறேன்.

நீ பத்தாவது முடித்த வருஷம் என் வலது தோள் போய்விட்டது. எப்போது போனது என்று தேதி சொல்ல முடியாது, கயிறு நைந்துபோகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கையைத் தோள் உயரத்துக்கு மேலே தூக்கினால் உள்ளே ஏதோ பிடுங்கும், பிறகு கை தானாக விழுந்துவிடும். யாரிடமும் சொல்லவில்லை. தைலம் தடவிக்கொண்டு, மாத்திரை விழுங்கிக்கொண்டு, யார்டில் இடது கையால் சிக்னல் காட்ட ஆரம்பித்தேன். முதல் நாளே அல்போன்ஸ் அண்ணன் மேலிருந்து வாக்கிடாக்கியில் கேட்டார்: "இன்னா மாமு, இன்னிக்கு லெஃப்ட்ல காட்டிகினு கீற?" ஒன்றுமில்லை அண்ணா, சுளுக்கு என்றேன். இரண்டாம் நாள் அவர் பெட்டியைத் தூக்கவே இல்லை. இறங்கி வந்து என் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அது பொத்தென்று விழுந்தது. "உன் கைய நம்பித்தான் நான் மேல உக்காந்துகினு கீறேன். உன் பேஜாரு உன்னோட போவாது மாமு, கீழ நிக்கிறவனையும் சேத்து இஸ்துகினு போவும்" என்று சொல்லி, அவரே என்னை ஆபீசுக்குக் கூட்டிப் போனார். அன்றைக்கே என்னைச் சிக்னல் வேலையிலிருந்து எடுத்து, கேட்டில் லாரி நம்பர் எழுதுகிற வேலையில் போட்டார்கள். வீட்டில் உங்களிடம் பதவி உயர்வு என்று சொன்னேன். நீ கைதட்டினாய். உன் அம்மா மட்டும் தட்டவில்லை.

இதை ஒருமுறை நிறுத்தி நிதானமாகப் படி. இரும்புப் பெட்டிக்குச் சைகை காட்டக்கூட லாயக்கில்லை என்று ஒதுக்கிவைத்த கை அது. அந்தக் கையைத் தினமும் சாயங்காலம் கொண்டு வந்து, உனக்குக் கீழே ஏந்திக்கொண்டு நின்றேன்.

மாநில அணிக்குத் தேர்வு வர மூன்று வாரம் இருந்தது. கம்பியில் வீசி ஆடி, முன்பக்கம் எழும்பும்போது கையை விட்டு, காற்றில் பின்பல்டி அடித்து இறங்கவேண்டும். உனக்கு ஆட்டம் வந்துவிட்டது, சுழற்சி மட்டும் கால்வாசி குறைந்தது. அந்தக் கால்வாசியை என் கைதான் கொடுத்துக்கொண்டிருந்தது. முதுகில் ஒரு தள்ளு, வயிற்றில் ஒரு அணை. நாங்கள் சப்போர்ட் என்று சொல்வது அதைத்தான். நீ அதை நம்பித்தான் கையை விடுவாய். அன்றைக்கு மழை விட்ட புழுக்கம். ஆறேழு முறை பண்ணியாகிவிட்டது, என் தோள் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. நீ கம்பியிலிருந்து குதித்து, உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே, "நைனா, இன்னிக்குப் போதும். நாளைக்குப் பாக்கலாம்" என்றாய். நாளைக்கு நாளைக்கு என்றால் தேர்வு உனக்காகக் காத்துக்கொண்டிருக்குமா என்று கேட்டேன். அப்போதுதான் சுவரோரம் உட்கார்ந்திருந்த ஜமீலா எழுந்தாள். பன்னிரண்டு வயசுப் பெண். "சார், உங்க கை ஆடுது சார். போன தடவையே மேல வரல. நான் பாத்தேன்" என்றாள். எல்லாப் பிள்ளைகளும் என் கையைப் பார்த்தார்கள். எனக்கு வந்ததே கோபம். "வாய மூடிகினு உக்காரு, நீ எனக்குச் சொல்லித்தர வந்துட்டியா?" என்று கத்தினேன். அவள் உட்கார்ந்தாள். நீ கம்பி ஏறினாய்.

பிறகு நடந்தது மூச்சு விடுகிற நேரம். நீ வீசினாய், எழும்பினாய், விட்டாய். என் கை தோள் வரைக்கும் வந்து, அங்கேயே செத்து விழுந்தது. சுழற்சி முடியாமல் முன்பக்கமாக வந்தாய், விழுவதைத் தடுக்கத் தரையில் கையை ஊன்றினாய். சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. அதற்குமேல் நான் செய்தது இன்னும் மோசம். "ஒண்ணுமில்ல, சுளுக்குதான்" என்று சொல்லி, நல்ல கையாலே உன் முழங்கையைப் பிடித்து இழுத்து நீவினேன். பிள்ளைகள் முன்னால் ஒன்றும் ஆகவில்லை என்று காட்டவேண்டும், அவ்வளவுதான் என் புத்தி. நீ போட்ட அலறலில் பக்கத்துக் கோடவுன் ஆட்கள் ஓடிவந்தார்கள். விழுந்த பிள்ளையை இழுக்காதே, நீவாதே, உட்காரவைக்காதே, கழுத்தோ முதுகோ என்றால் அசைக்கவே அசைக்காதே, கிடந்த வாக்கிலேயே வைத்து ஆம்புலன்ஸ் கூப்பிடு. இதை எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "யாரு இந்தக் கையை இழுத்தது?" என்று கேட்டார். நான் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். வராந்தாவில் கிளாஸ் பிள்ளைகளின் அப்பா அம்மா ஏழெட்டுப் பேர் நின்றார்கள். என்ன சார் ஆச்சு, என்ன சார் ஆச்சு என்று கேட்டார்கள். என் கை என்று சொன்னால் நாளைக்கு ஒரு குழந்தை வராது. மிளகாய் நாற்றத்தைப் போக்கி, தார்ப்பாய் தைத்து, கம்பி நட்டு நான் கட்டிய கிளாஸ் அன்றோடு போய்விடும். அதனால் சொன்னேன்: "அவ பயந்துட்டா. கொஞ்சம் சீக்கிரமா கைய வுட்டுட்டா. அதான் வுழுந்துட்டா." எல்லோரும் தலையாட்டினார்கள், பாவம் என்றார்கள், கிளாஸ் பிழைத்தது. நான் உள்ளே வந்தபோது நீ கட்டோடு படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். கதவு திறந்துதான் இருந்தது, எல்லாம் கேட்டிருக்கிறாய். "சீக்கிரம் வுட்டுட்டேனா நைனா?" என்று கேட்டாய். குரலில் வலி கூட இல்லை, வெறும் சந்தேகம். நான் உன் தலையைத் தடவி, "ஆமா கண்ணு. பரவால்ல வுடு" என்றேன்.

பரவாயில்லையாம். மன்னிக்கிறவன் மாதிரி சொன்னேன் பார்.

அடுத்த வாரம் ஜமீலாவை, ஒழுக்கம் சரியில்லை என்று சொல்லி நிறுத்தினேன். அவள் அப்பா ஏன் என்று கேட்டதற்கு, பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறாள் என்றேன். கிளாஸ் இன்னும் இரண்டு வருஷம் ஓடியது. கம்பியைத் தொடுவதில்லை, தரையில் செய்வது மட்டும் போதும் என்று நிறுத்திக்கொண்டேன். ஆனாலும் அந்த இரண்டு வருஷத்தில் என்ன நடந்தது தெரியுமா? பிள்ளைகள் எதையும் சொல்வதை விட்டுவிட்டார்கள். பயந்தால் விழுவோம், விழுந்தால் நம் தப்பு, தப்பென்று தெரிந்ததைச் சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார் சார். மூன்று பாடமும் நன்றாகப் படித்துக்கொண்டார்கள். ஒரு பெண் கால் விரல் எலும்பு விரிசல் விட்டதோடு பத்து நாள் குதித்திருக்கிறாள். அவள் அம்மா வந்து சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "ஏன்மா சொல்லல?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "பயந்துட்டன்னு சொல்லுவீங்க சார்" என்றாள். அன்றைக்குக் கோடவுனைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தவன்தான், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. உடம்பு முடியவில்லை என்று ஊரில் சொன்னேன். அதுவும் பொய் இல்லை, ஆனால் அதுவல்ல காரணம்.

உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். தைலம் தேய்த்துவிட்ட கைக்குத் தெரியாதா? பதினோரு வருஷமாக ஒரே பேச்சுதான். "அந்தப் புள்ளகிட்ட சொல்லிடுய்யா. அது தன் மேல தப்புன்னு நெனச்சிகினு கெடக்குது." சொல்கிறேன், சொல்கிறேன் என்று நானும் ஓட்டினேன். உன் டிப்ளமோ முடியட்டும், வேலை கிடைக்கட்டும், கல்யாணம் ஆகட்டும். நீ எல்லாவற்றையும் முடித்துவிட்டாய், எனக்குத்தான் வாய் வரவில்லை. போன வாரம் நீ கேட்டுவிட்டுப் போன பிறகு அவள் ஒன்றே ஒன்று சொன்னாள். "ஞாயித்துக்கெழம நீ போய் அங்க கை ஏந்திகினு நின்னா, நானே வந்து எல்லார் முன்னாலயும் சொல்லுவேன்." அவள் செய்வாள். உனக்கே தெரியும், அவள் மிரட்டமாட்டாள், செய்துவிடுவாள்.

சலித்துவிட்டது, கலை. இதைச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறி இறங்கச் சலித்துவிட்டது. அதனால் கேட்டுக்கொள்கிறேன், இது அறிவுரை இல்லை, கெஞ்சல். ஞாயிற்றுக்கிழமை யாரையும் கம்பியில் ஏற்றாதே. இரண்டு முழு கை உள்ள இன்னொரு பயிற்சியாளர் கிடைக்கிற வரைக்கும் ஒரு குழந்தையும் கம்பியில் கையை விட வேண்டாம். தரையில் உருளட்டும், நடக்கட்டும், கையூன்றி நிற்கட்டும். பெற்றவர்கள் முணுமுணுப்பார்கள், இரண்டு பேர் நின்றுவிடுவார்கள். போகட்டும் விடு. உன் கை எவ்வளவு நீளும், எவ்வளவு நீளாது என்று முதல் நாளே அவர்களிடம் காட்டிச் சொல்லிவிடு. வெட்கப்படாதே. மறைத்துவைத்த கைதான் விழும். முதல் பாடமாகப் பிள்ளைகளுக்கு யார்டு சைகையைச் சொல்லிக்கொடு. இரண்டு கையையும் அகல விரித்தால் எல்லோரும் நிற்கவேண்டும், மிஸ் உட்பட. ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற குட்டி காட்டினாலும் நிற்கவேண்டும். பார்த்தால் பக்கெட்டாக இருக்கும், பத்தில் ஒன்பது முறை பக்கெட்டாகத்தான் இருக்கும். அதற்காக யாரையும் திட்டாதே. முடிந்தால் ஒரு டீ, இல்லை பிஸ்கட் வாங்கிக் கொடு. அந்தப் பச்சை ரிப்பன் குழந்தையைக் கூப்பிட்டு, நீ பயந்ததால் விழவில்லை, கட்டை வழுக்கியது, நான் பக்கத்தில் இல்லை என்று சொல்லு. அது மறந்திருக்கும் என்று நினைக்காதே.

ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். ஏந்த இல்லை. வாசலோரம் ஒரு ஸ்டூல் போடு, கொலுசு டப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன், மெத்தை இடைவெளியைக் காலால் தடவிப் பார்க்கிறேன். ஜமீலா தங்கையைக் கூட்டிக்கொண்டு வருவாள் போலிருக்கிறது. எல்லோர் முன்னாலும் அவளிடம், அன்றைக்கு நீ பார்த்தது சரி என்று சொல்லிவிடுகிறேன். அவள் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: கம்பிக்குக் கீழே நான் நிற்கவில்லை, பயப்படாமல் சேர்த்துவிடு. இதையெல்லாம் படித்துவிட்டு, வராதே நைனா என்று உனக்குத் தோன்றினால் அம்மாவிடம் ஒரு வார்த்தை போனில் சொல். வரமாட்டேன், வருத்தமும் படமாட்டேன். படுவேன், ஆனால் உன் மேல் இல்லை.

ஆஸ்பத்திரியில் நீ ஒன்று கேட்டாய், நான் உன் தலையைத் தடவிக்கொண்டே பொய் சொன்னேன். அந்தக் கேள்வியை மறுபடி நீ கேட்கவேண்டாம், நானே பதிலைச் சொல்லிவிடுகிறேன். இல்ல கண்ணு. நீ சரியாத்தான் வுட்ட. நான்தான் புடிக்கல.

நைனா